வேலை பாத்துக்கிட்டே ஆன்லைன்ல எம்.பி.ஹெச்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகிக்கு பதில் எழுதும்போது, கலிஃபோர்னியாவுல நைட் டியூட்டி பாத்துக்கிட்டே ஒரு கிறிஸ்தவ யூனிவர்சிட்டியில ஆன்லைன்ல எம்.பி.ஹெச் முடிச்சேன்னு ரெண்டு வரி சொல்லிட்டுப் போனேன், அதைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு கடிதம், அவ்வளவு வாட்ஸ்அப். அதனால இந்த தடவை முழுக்க இதுதான். எம்.பி.ஹெச்னா மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த், பொது சுகாதாரத்துல முதுகலை. ஊருக்கு ஏன் ஒரு வியாதி வருது, எப்படி வராம தடுக்கறதுன்னு படிக்கற படிப்பு.

கேள்வி: அக்கா, நான் டாலஸ்ல ஐசியூ நர்ஸ், 9 வருஷம் ஆச்சு. எம்.எஸ்.என், அதாவது நர்சிங்ல முதுகலை, அது பண்றதா எம்.பி.ஹெச் பண்றதான்னு குழப்பம். கிறிஸ்தவ யூனிவர்சிட்டின்னா பாதி கிளாஸ் பைபிள் ஸ்டடியாவே போயிடுமோன்னும் பயமா இருக்கு.
வாசகி, டெக்சாஸ்

பதில்: தங்கச்சி, முதல் கேள்விக்கு முதல்ல பதில். நோயாளி பக்கத்துலயே இருக்கணும், பின்னாடி நர்ஸ் பிராக்டிஷனர் ஆகி மருந்து எழுதணும்னு ஆசை இருந்தா எம்.எஸ்.என் போங்க, எம்.பி.ஹெச் உங்களுக்கு எந்த புது லைசென்ஸும் தராது. ஆனா ஒரே தெருவுல இருந்து ஒரே மாதிரி ஸ்ட்ரோக் கேஸ் திரும்பத் திரும்ப உங்க ஐசியூவுக்கு வருதே, இவங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே யாராவது பாத்திருக்கக் கூடாதான்னு மனசு அடிச்சுக்குதுன்னா, எம்.பி.ஹெச் உங்களுக்குத்தான். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

ரெண்டாவது பயம் வேண்டாம். எபிடெமியாலஜி (வியாதி யாருக்கு, எங்க, ஏன் வருதுன்னு ஆராயறது), பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (சுகாதாரப் புள்ளிவிவரக் கணக்கு), சுற்றுச்சூழல் சுகாதாரம், ஹெல்த் பாலிசி, ஜனங்களோட பழக்கத்தை எப்படி மாத்தறதுங்கற பாடம், இதெல்லாம் எங்க படிச்சாலும் இருக்கும். ஏன்னா அமெரிக்காவுல சி.ஈ.பி.ஹெச்னு ஒரு அங்கீகார கவுன்சில் இருக்கு, 1974-ல தொடங்கினது, எம்.பி.ஹெச்சுக்கு குறைஞ்சது 42 செமஸ்டர் கிரெடிட் வேணும், ஒவ்வொரு மாணவரும் 22 அடிப்படைத் திறமையை செஞ்சு காட்டியிருக்கணும்னு அது வரையறை வெச்சிருக்கு. சபை நடத்தற யூனிவர்சிட்டின்னு அதுல சலுகை கிடையாது. சேர்றதுக்கு முன்னாடி அந்த கவுன்சில் லிஸ்ட்ல உங்க யூனிவர்சிட்டி பேரு, அதுவும் நீங்க சேரப் போற அந்த எம்.பி.ஹெச் படிப்பு இருக்கான்னு நீங்களே உங்க கண்ணால பாத்துடுங்க, அட்மிஷன் ஆபீஸ்ல போன்ல சொன்னாங்கன்னு விட்டுடாதீங்க.

அதுக்கு மேல கிறிஸ்தவ இடங்கள்ல மதம் சார்ந்த பாடம் ஒண்ணு ரெண்டு சேரும். லோமா லிண்டா யூனிவர்சிட்டியை எடுத்துக்கோங்க, தெற்கு கலிஃபோர்னியாவுல 1905-ல செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபைக்காரங்க ஆரம்பிச்ச இடம். அவங்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதுல இருந்து சனிக்கிழமை பொழுது சாயற வரைக்கும் ஓய்வுநாள். அங்கதான் அட்வென்டிஸ்ட் ஹெல்த் ஸ்டடி நடக்குது. 1974-ல ஆரம்பிச்ச ஸ்டடியில கலிஃபோர்னியா அட்வென்டிஸ்டுகள் சுமார் 34,000 பேர், 2002-ல ஆரம்பிச்சதுல சுமார் 96,000 பேர். சிகரெட் குடி ரெண்டும் இல்லாத, பாதிப் பேர்கிட்ட சைவமா சாப்பிடற ஒரு சபை ஜனங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து, என்ன சாப்பிட்டவங்களுக்கு என்ன வியாதி வந்துச்சுன்னு எண்ணி எழுதறாங்க. வாரத்துல நாலு தடவைக்கு மேல பாதாம், வேர்க்கடலை மாதிரி கொட்டை வகை சாப்பிட்டவங்களுக்கு மாரடைப்பு குறைவுன்னு 1992-ல சொன்னதும் இந்த ஸ்டடிதான். சபையோட நம்பிக்கை ஒரு டேட்டாவா மாறினது எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்.

வாரம் எப்படிப் போகும்னா, திங்கக்கிழமை லெக்சர் வீடியோ திறக்கும், வாரத்து நடுவுல டிஸ்கஷன் போர்டுல நம்ம கருத்தை ஆதாரத்தோட எழுதணும், ஞாயித்துக்கிழமைக்குள்ள கூடப் படிக்கறவங்க ரெண்டு பேருக்காவது பதில் எழுதணும், நடுவுல க்விஸ், பேப்பர். வேலையோட சேத்துப் பாத்தா ஒரு டெர்முக்கு ரெண்டு பாடத்துக்கு மேல எடுக்காதீங்க. நான் ஒரு தடவை மூணு எடுத்து உடம்பு படுத்துடுச்சு. உங்க ஆஸ்பத்திரியில படிப்புக்கு பணம் தருவாங்களான்னு ஹெச்.ஆர்ல கேளுங்க, வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் முதலாளி கொடுத்தா அதுக்கு வருமான வரி கிடையாது. இது தெரியாமலே நிறைய பேர் கைக்காசு போட்டுப் படிக்கறாங்க.

கேள்வி: நான் ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார். மதத்துக்கும் எபிடெமியாலஜிக்கும் என்னம்மா சம்பந்தம்? விஞ்ஞானப் பாடத்தை மத நிறுவனம் சொல்லித் தர்றது எனக்கு உறுத்துது. மனசுல பட்டதைக் கேட்டுட்டேன்.
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐயா, கேட்டதுக்கு ரொம்ப நன்றி. இந்த உறுத்தல் இருக்கற ஆளுதான் இந்தப் படிப்புக்கே சரியான ஆளுன்னு எனக்குத் தோணுது. நான் சுத்தி வளைக்காம ஒரு கதை சொல்றேன், முதல் டெர்ம்ல படிச்சது.

1854, லண்டன்ல சோஹோ, பிராட் ஸ்ட்ரீட். ஆகஸ்ட் 31-ல இருந்து காலரா அந்தத் தெருவையே வாரிக்கிட்டுப் போகுது, மொத்தம் 600 பேருக்கு மேல செத்தாங்க. டாக்டர் ஜான் ஸ்னோ, தண்ணி பம்புலதான் வியாதி இருக்குன்னு சொல்லி, செப்டம்பர் 8-ம் தேதி பம்போட கைப்பிடியை கழட்ட வெச்சார். இது எல்லா பாடப்புத்தகத்துலயும் இருக்கும், உங்களுக்கே தெரியும். பாதி புத்தகத்துல இல்லாத ஆள் ஒருத்தர் இருக்கார், ஹென்றி வைட்ஹெட், அதே தெருப்பக்கம் செயின்ட் லூக் சர்ச்சோட உதவி குருவானவர், முப்பது வயசு கூட ஆகல. அவர் ஸ்னோ சொன்னதை நம்பல. தன் சபை ஜனங்க அந்தத் தண்ணியைக் குடிச்சுட்டுப் பிழைச்சதை அவரே பாத்திருக்கார், அதனால ஸ்னோ சொல்றது தப்புன்னு நிரூபிக்கறேன்னு கிளம்பினார். செத்தவங்க வீடு, பிழைச்சவங்க வீடுன்னு ஒவ்வொண்ணா ஏறி இறங்கினார், சில வீட்டுக்கு நாலஞ்சு தடவை. ஊரை விட்டுப் போன குடும்பம் எங்க போச்சுன்னும் அவருக்குத் தெரியும், ஏன்னா ஞானஸ்நானம் கொடுத்ததும் அடக்கம் பண்ணினதும் அவங்க சர்ச்சுதான். எண்ணிப் பாக்கப் பாக்க கணக்கு ஸ்னோ பக்கமே சாஞ்சுது. கடைசியில அடுத்த வருஷம் இறப்புப் பதிவைப் புரட்டும்போது 40-ம் நம்பர் வீட்டுல 5 மாசக் குழந்தை ஒண்ணு வயித்துப்போக்குல செத்தது கண்ணுல பட்டுச்சு. போய் தாய்கிட்ட கேட்டார். குழந்தைக்குக் கட்டின துணியை அலசின தண்ணியை வீட்டு வாசல்ல இருந்த கழிவுக்குழியில ஊத்தினேன்னு அந்த அம்மா சொல்லுச்சு. தோண்டிப் பாத்தா அந்தக் குழியோட செங்கல் எல்லாம் இளகிப் போய்க் கிடக்கு, பம்பு கிணத்துக்கும் அதுக்கும் நடுவுல 3 அடி கூட இல்ல.

ஸ்னோகிட்ட மேப் இருந்துச்சு, கொள்கை இருந்துச்சு. குழந்தையைப் பறிகொடுத்த தாய் வீட்டுல உக்காந்து அந்தக் கேள்வியைக் கேக்கற உரிமை வைட்ஹெட்கிட்டதான் இருந்துச்சு. அதோட, தான் நினைச்சது தப்புன்னு கணக்கு சொன்னப்ப அதை ஒத்துக்கிட்டார் பாருங்க, நான் அந்த மனுஷனை மதிக்கறது அதுக்காகத்தான்.

இதோட நிறுத்தினா நான் ஒரு பக்கம் மட்டும் சொன்ன மாதிரி ஆயிடும். அதே பாடத்துல டஸ்கெகீயும் படிச்சோம். அலபாமாவுல மேக்கன் கவுண்டி, 1932-ல இருந்து 1972 வரைக்கும் 40 வருஷம், அமெரிக்க அரசோட பப்ளிக் ஹெல்த் சர்வீஸ் 600 கறுப்பின ஆம்பளைங்களை வெச்சு ஒரு ஸ்டடி நடத்துச்சு, 399 பேருக்கு சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய், 201 பேருக்கு இல்ல. அதைக் குணமாக்கற பெனிசிலின் வந்த அப்புறமும் கொடுக்கல, வியாதி எப்படி முத்துதுன்னு வேடிக்கை பாத்தாங்க. அதுக்கு ஆள் சேர்த்த இடங்கள்ல சர்ச்சும் ஒண்ணு. பாஸ்டர் சொன்னா ஜனங்க வருவாங்கன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. 1997-ல கிளின்டன் மன்னிப்பு கேட்டார், ஆனா அந்த அவநம்பிக்கை இன்னும் போகல. ஜனங்க ஒரு இடத்து மேல வெச்ச நம்பிக்கை எதுக்கெல்லாம் பயன்படும்ங்கறதை ரெண்டு பக்கமும் சொல்லிக் கொடுக்கற யூனிவர்சிட்டின்னா தயங்காம சேரலாம், ஒரு பக்கம் மட்டும் சொன்னா உங்க உறுத்தல் நியாயம்தான் ஐயா.

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி நர்சிங், முஸ்லிம் பொண்ணு. துபாய்ல வேலை. கிறிஸ்தவ யூனிவர்சிட்டியில எனக்கு இடம் உண்டா? சேர்ந்தா ஒதுக்கமாட்டாங்களா?
வாசகி, சொந்த ஊர் மேலப்பாளையம்

பதில்: தங்கச்சி, லோமா லிண்டா மாதிரி இடங்கள்ல எல்லா மதத்துக்காரங்களும் படிக்கறாங்க. என் கிளாஸ்ல நோன்பு வெச்சுக்கிட்டே மிட்டெர்ம் எழுதின பொண்ணு ஒருத்தி இருந்தா, புரொஃபசர் அவளுக்காக நேரத்தை மாத்திக் கொடுத்தார். ஆனா எல்லா யூனிவர்சிட்டியும் ஒரே மாதிரி கிடையாது, சில இடத்துல நடத்தை விதி கறாரா இருக்கும், அதனால மாணவர் விதிப் புத்தகத்தை பணம் கட்டறதுக்கு முன்னாடியே முழுசா படிச்சுடுங்க.

உங்களை மாதிரி ஆளு இந்தத் துறைக்கு எவ்வளவு வேணும்னு சொல்லட்டுமா. 2014-ல மேற்கு ஆப்பிரிக்காவுல எபோலா வந்தப்ப, புது தொத்துல 5-ல 1 பங்காவது அடக்கம் பண்ணும்போதுதான் வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு. மையத்தை, அதாவது இறந்தவங்க உடம்பை, குளிப்பாட்டறப்ப தொட்டவங்க நிறைய பேருக்கு வந்துச்சு. முதல்ல சுகாதார டீம் வந்து ஜனாஸாவை (இறந்தவங்க உடம்பை) பிளாஸ்டிக் பையில போட்டு எடுத்துட்டுப் போனாங்க, ஜனங்க உடம்பை ஒளிச்சு வெச்சாங்க, ராத்திரியில புதைச்சாங்க. அப்புறம் முஸ்லிம், கிறிஸ்தவ பெரியவங்களையும் கூட வெச்சுக்கிட்டு பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்னு ஒரு வழிமுறை எழுதினாங்க, அதுல குளிப்பாட்டறதுக்கு பதிலா தயம்மும் (தண்ணி இல்லாம மண்ணால செய்யற சுத்தம்) செய்யலாம், கஃபன் துணி போர்த்தலாம்னு இருக்கு, பாதுகாப்பு உடுப்பு போட்ட ஆளு செய்வார், குடும்பம் தள்ளி நின்னு துஆ செய்யும். தயம்மும்னா என்னன்னு கிளாஸ்ல நிறைய பேருக்குத் தெரியாது. உங்களுக்கு பாட்டி சொல்லிக் கொடுத்திருப்பாங்க. அந்த அறிவோட உள்ள வாங்க.

கேள்வி: மேடம், திருச்சியில ஒரு ஏஜென்ட், அமெரிக்க யூனிவர்சிட்டியில ஆன்லைன் எம்.பி.ஹெச் சேர்ந்தா ஆறு மாசத்துல விசா வரும்னு சொல்லி 3 லட்சம் கேக்கறார். கட்டலாமா?
வாசகர், லால்குடி

பதில்: கட்டாதீங்க தம்பி. முழுக்க ஆன்லைன்ல நடக்கற படிப்புக்கு எஃப்-1 மாணவர் விசா கிடையவே கிடையாது. அங்க போய்ப் படிக்கறவங்களுக்கே ஒரு டெர்ம்ல ஒரே ஒரு ஆன்லைன் கிளாஸைத்தான் கணக்குல எடுப்பாங்க. ஓபிடின்னு வேலை அனுமதி சொல்றாங்களே, அதுவும் எஃப்-1ல இருக்கறவங்களுக்குத்தான். யூனிவர்சிட்டியில சேர ஏஜென்டே தேவையில்ல, நேரா அப்ளை பண்ணலாம். ஏற்கெனவே ஏதாவது பணம் கொடுத்திருந்தா ரசீதைப் பத்திரமா வெச்சுக்கிட்டு உடனே திருப்பிக் கேளுங்க.

கேள்வி: நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில 14 வருஷமா கம்யூனிட்டி ஹெல்த்ல வேலை பாக்கறேன். ஊர்ல இருந்தே அமெரிக்க யூனிவர்சிட்டியில படிச்சா இங்க மதிப்பு இருக்குமா அக்கா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: ஒளிக்காம சொல்றேன். அரசு வேலை, காலேஜ்ல வாத்தியார் வேலை, இங்க பிஎச்.டி, இதுக்கெல்லாம் ஆசைப்பட்டா வெளிநாட்டு ஆன்லைன் டிகிரியை நம்பாதீங்க, இங்கத்து டிகிரிக்கு சமம்னு சொல்ற சமநிலை சர்டிபிகேட் வாங்கறதுல பெரிய சிக்கல் வரும். அமெரிக்க அரசோட மாணவர் கடனும் உங்களுக்குக் கிடைக்காது, அது அந்த நாட்டு குடிமக்களுக்கும் கிரீன் கார்டு மாதிரி தகுதி உள்ளவங்களுக்கும்தான். மிஷன் ஆஸ்பத்திரி, தொண்டு நிறுவனம், வெளிநாட்டு வேலைன்னா பயன்படும். கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியா இருந்தா ஞாயிறு ராத்திரி 11.59 டெட்லைன் உங்களுக்கு திங்கள் மத்தியானம், குளிர்காலத்துல 1.29, மத்த மாசத்துல 12.29. அது ஒண்ணு உங்களுக்கு வசதி.

ஆனா அவ்வளவு செலவு பண்றதுக்கு முன்னாடி ஜாம்கெட் பத்தித் தெரிஞ்சுக்கோங்க. மேபெல் ஆரோலே, ரஜனிகாந்த் ஆரோலே, ரெண்டு பேரும் வேலூர் சி.எம்.சி-யில படிச்ச டாக்டர் தம்பதி. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போய் எம்.பி.ஹெச் முடிச்சு, 1970-ல மகாராஷ்டிராவுல அப்போ அகமத்நகர்னு பேர் இருந்த மாவட்டத்து வறண்ட ஊரான ஜாம்கெட்டுக்குத் திரும்பி வந்தாங்க. அங்க அவங்க செஞ்சது, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பொம்பளைங்களை, அதுலயும் நிறைய பேர் தலித் பெண்கள், ஊர் சுகாதார ஊழியரா பழக்கினது. பிரசவம், பேதி, தொழுநோய், எல்லாம் அந்தப் பொம்பளைங்க பாத்தாங்க. 1979-ல மக்சேசே விருது வந்துச்சு. அவங்க கிறிஸ்தவ விசுவாசத்துக்காகத்தான் அந்த ஊருக்குப் போனாங்க, எம்.பி.ஹெச் அந்த விசுவாசத்துக்கு ஒரு கருவியைக் கொடுத்துச்சு. உங்களுக்கு 14 வருஷ அனுபவம் இருக்கு, உங்களுக்கு எந்தக் கருவி குறையுதுன்னு முதல்ல யோசிங்க. புள்ளிவிவரம் மட்டும்தான் குறைன்னா ஒரு சின்ன சர்டிபிகேட் கோர்ஸே போதும், ரெண்டு வருஷமும் அவ்வளவு காசும் மிச்சம்.

கேள்வி: ஆன்லைன் படிப்புல களப்பயிற்சி எப்படி நடக்கும்? வீட்டுல உக்காந்தே முடிச்சுடலாமா?
வாசகி, நியூ ஜெர்சி

பதில்: முடியாதும்மா, முடிக்கவும் கூடாது. களப்பயிற்சியை நம்ம ஊர்லயே ஒரு இடம் பாத்து செய்யணும், முடிவுல குறைஞ்சது ரெண்டு வேலையை உருப்படியா காட்டணும், அந்த இடத்துக்கு நிஜமா பயன்படற ரிப்போர்ட், பயிற்சிக் கையேடு மாதிரி. இடத்தை யூனிவர்சிட்டியே தேடித் தரும்னு காத்திருந்து நான் ஒரு டெர்மையே விட்டேன், அட்வைசருக்கு மெயில் மேல மெயில் போட்டும் பதில் வரல. நீங்க முதல் டெர்ம்லயே தேட ஆரம்பிச்சுடுங்க.

எனக்குக் கிடைச்சது ஒரு சின்ன பாப்டிஸ்ட் சர்ச், பெரும்பாலும் வயசான கறுப்பின ஜனங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கீழ ஹால்ல மடக்கு மேஜை போட்டு ரத்த அழுத்தம் பாக்கணும். முதல் வாரம் ஒருத்தரும் வரல. ஹலோ சொல்லிட்டு காபி எடுத்துட்டு என்னைத் தாண்டிப் போனாங்க. ரெண்டாவது வாரமும் அப்படியே. மூணாவது வாரம் பாஸ்டர் பிரசங்கம் முடிச்சு நேரா கீழ வந்து, கோட்டைக் கழட்டி நாற்காலி மேல போட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு எல்லாரும் பாக்க என் முன்னாடி உக்காந்தார். மேல் அழுத்தம் 162. அந்த நம்பரை அவரே சத்தமா சொன்னார். அதுக்கப்புறம் வரிசை நின்னுச்சு. அன்னிக்குத்தான் இன்னொண்ணும் கவனிச்சேன், நான் கொண்டு போன கஃப், அதாவது கையில சுத்தற பட்டை, ஒரே சைஸ், பெரிய கைக்கு சின்ன கஃப் சுத்தினா அழுத்தம் இருக்கறதை விட அதிகமா காட்டும். அடுத்த வாரம் மூணு சைஸ் வாங்கிட்டுப் போய் அத்தனை பேருக்கும் திரும்பப் பாத்தேன், பாஸ்டருக்கும். அவருக்கு 148. ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, தப்பா பாத்ததை மறைக்காம திரும்ப வந்து சொன்னியே, அது போதும்னு சொன்னாங்க. டஸ்கெகீ ஸ்டடி அம்பலமானப்ப அவங்களுக்கு 24 வயசாம்.

கேள்வி: அக்கா, எனக்கு கணக்கு சுத்தமா வராது. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸை நினைச்சாலே கை நடுங்குது. நான் இதுல சேரலாமா?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சேரலாம். உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன், உங்க ஊர்ல அசனம் உண்டுல்ல? சர்ச் திருவிழாவுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறது. 1940 ஏப்ரல் 18, அமெரிக்காவுல ஆஸ்வீகோ கவுண்டியில அதே மாதிரி ஒரு சர்ச் விருந்து. ராத்திரியே ஜனங்களுக்கு வாந்தி பேதி. விசாரிச்ச 75 பேர்ல 46 பேருக்கு உடம்பு சரியில்ல. இதை இன்னிக்கு வரைக்கும் எபிடெமியாலஜி பாடத்துல கொடுக்கறாங்க. எந்தச் சாப்பாடு காரணம்? வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்டது 54 பேர், அதுல 43 பேர் படுத்துட்டாங்க. சாப்பிடாதது 21 பேர், அதுல 3 பேர்தான். 43-ஐ 54-ஆல வகுத்தா நூத்துக்கு 80, 3-ஐ 21-ஆல வகுத்தா நூத்துக்கு 14. சாப்பிட்டவங்களுக்கு ஐஞ்சரை மடங்கு ஆபத்து. அவ்வளவுதான், நீங்க இப்ப ஒரு ரிஸ்க் ரேஷியோ பாத்துட்டீங்க. மீதியை கம்ப்யூட்டர் போடும், எந்தக் கேள்வி கேக்கணும்னு தெரிஞ்சா போதும்.

அதுக்கு ஒரு கேள்வி தர்றேன். அதே விருந்துல சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிட்டவங்க 47 பேர்ல 25 பேருக்கு வந்துச்சு, சாப்பிடாத 27 பேர்ல 20 பேருக்கு வந்துச்சு. கணக்கைப் பாத்தா சாக்லேட் ஐஸ்கிரீம் ஆளைக் காப்பாத்தின மாதிரி இருக்கு. ஏன் அப்படி? அந்த மேஜைக்கு முன்னாடி தட்டோட நிக்கற ஆளா உங்களை நினைச்சுப் பாருங்க, விடை தெரிஞ்சா அடுத்த இதழுக்குள்ள எழுதிப் போடுங்க.